இடது பக்கம் கோளாறு

எங்கள் தொழிற்சாலையில் அக்காவுக்குப் பயப்படாத ஆள் ஒருவர்தான். எங்கள் முதலாளி. அவர் ஜப்பானில் இருந்தார். மற்ற எல்லாரும், மேனேஜர் உட்பட, அக்கா வேலை பார்க்கிற பக்கம் போவதற்கு முன்னால் கைபேசியின் வாயை அடைத்துவிடுவோம். தப்பித்தவறி மணி அடித்துவிட்டால் தீர்ந்தது. “என்னா ரிங்டோன் இது? ஆட்டுக்கு வயித்து வலி வந்த மாதிரி!” என்று லைன் முழுக்கக் கேட்கும்படி சொல்வார். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது கேட்கும். தொண்டை அப்படி.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. பஞ்ச் கார்டைத் தவிர வேறு எங்கும் அது புழங்கவில்லை. மலாய்க்காரப் பெண்களும் நேப்பாளிப் பையன்களும்கூட ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். தலைமுடியை இறுக்கி முடிந்து, காது இரண்டும் நன்றாகத் தெரியும்படி வைத்திருப்பார். கண்ணுக்கு மை, கழுத்துக்குச் சங்கிலி என்று மற்ற பெண்கள் எதையாவது எடுத்துக்காட்டுவார்கள் இல்லையா, அக்கா காதை எடுத்துக்காட்டினார்.

மலேசியாவில், மலாக்காவை ஒட்டிய புக்கிட் ரம்பாயில், இரும்புத் தகட்டை அச்சில் அடித்து உதிரிப் பாகம் செய்கிற தொழிற்சாலை அது. அக்கா லைன் லீடர். நான் தரப் பரிசோதனையில் இருந்தேன். இரண்டு பேருக்கும் வீடு பாயா ரும்புட்டில், ஒரே தாமானில், அதாவது ஒரே குடியிருப்பில், இரண்டு வரிசை தள்ளி. அதனால் என் காடியில்தான் (கார்தான் எங்களுக்குக் காடி) வேலைக்கு வருவார். பதினைந்து வருஷத்துக்கு முந்திய கதை இது. பாட்டெல்லாம் இன்னும் கைபேசிக்குள் முழுசாகக் குடியேறவில்லை. தீப்பெட்டி அளவில் தனியாக ஒரு பிளேயர், அதிலிருந்து ஒரு வயர், வயர் நுனியில் காதுக்கு இரண்டு குமிழ். போனஸ் வந்தால் லைனில் யாராவது ஒருத்தி பிளேயர் வாங்கக் கிளம்புவாள். அக்காவைக் கூட்டிப்போகாமல் வாங்கினால் வருஷம் முழுக்க அந்தப் பிளேயரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கூட்டிப்போனாலோ, அன்றைக்கு வாங்கவே முடியாது.

மலாக்கா டவுனில் வழக்கமாக ஒரே கடைதான். தவுக்கே, அதாவது சீன முதலாளி, வயதானவர், அக்கா நுழைவதைப் பார்த்ததும் சாப்பிடப் போய்விடுவார், மணி பத்தாக இருந்தாலும். மாட்டிக்கொள்வது அவர் மகன். அவனைச் சின்னத் தவுக்கே என்போம். அக்கா அவனிடம் மலாயில் பேசுவார். திட்டு மட்டும் தமிழ்.

“ஆண்டி, இது புதுசு. பேஸ் நல்லா இருக்கும்” என்று அவன் பெட்டியைப் பிரிப்பான்.

“பாட்டப் போடாத. சும்மா குடு.”

பாட்டில்லாமல் பிளேயரை மட்டும் முடுக்கி, குமிழைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். அக்கா எதைக் கேட்கிறார் என்று அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு பழகிவிட்டான். பாட்டில்லாதபோதும் உள்ளே ஒரு இரைச்சல் ஓடினால் அந்தப் பிளேயர் அத்தோடு காலி. “மழை பேஞ்சிக்கிட்டு இருக்கு உள்ள. எடுத்து வை.”

அதில் தேறினால், பையிலிருந்து தன்னுடைய சொந்தக் குமிழை எடுத்து மாட்டுவார். கடைக்காரன் கொடுக்கிற குமிழில் கேட்டால் பிளேயர் நன்றாக இருக்கிறதா, குமிழ் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும் என்பது அவர் கட்சி. அப்புறம் சத்தத்தைப் பாதிக்கும் கீழே இறக்குவார். எல்லாரும் கூட்டிவைத்துக் கேட்பார்கள், இவர் குறைப்பார்.

“கூட்டி வச்சா எல்லாப் பொட்டியும் நல்லாத்தான் பாடும். குடிச்சவனுக்கு எல்லாக் குரலும் நல்ல குரல்தானே? மெதுவா வச்சிக் கேளு. அப்பத் தெரியும் வண்டவாளம்.”

கடைசியில்தான் பாட்டு. எல்லாப் பிளேயருக்கும் ஒரே பாட்டு, அவரே ஒரு சின்ன மெமரி கார்டில் போட்டுக் கொண்டுவந்தது. பழைய பாட்டு. சரணம் ஆரம்பிக்கிற இடத்தில் பாடுகிற அம்மா ஒரு மூச்சு இழுப்பார். நல்ல பிளேயரில் அந்த மூச்சு கேட்கும். மட்டமானதில் மூச்சு இருக்காது, வெறும் வார்த்தைதான் வந்து விழும்.

“மூச்சு விடாம பாடறது பொணம்தான் லா” என்று குமிழைக் கழற்றிக் கண்ணாடி மேல் வைத்துவிடுவார்.

தரம் பிரிக்க அவரிடம் தனி அகராதியே இருந்தது. மேல்சத்தம் கூடினால் ‘தகரம்’. அடிச்சத்தம் கூடினால் ‘லோரி’. நடுவில் அமுங்கினால் ‘போர்வைக்குள்ள பாடறான்’. சின்னத் தவுக்கே நாளடைவில் மற்ற வாடிக்கையாளர்களிடமும் இதையே சொல்ல ஆரம்பித்துவிட்டான். ஒரு மலாய்க்காரரிடம், “இது கொஞ்சம் தகரம், இது கொஞ்சம் லோரி” என்று அவன் விளக்கிக்கொண்டிருந்ததை நானே கேட்டிருக்கிறேன். பாவம், அந்த மனுஷன் இரண்டையும் வாங்காமல் போனார்.

எனக்குப் பிளேயர் வாங்கப் போனபோது, அரை நாள் கேட்டுக் கேட்டுக் கறுப்பாக ஒன்றை எடுத்து நீட்டினார். நான் ஊதா நிறத்தில் இருந்ததை வாங்கினேன். நிறம் நன்றாக இருந்தது, வேறு காரணம் இல்லை. “அத வாங்கி நெத்தியில ஒட்டிக்க” என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அந்த ஊதாப் பிளேயரில் நான் சந்தோஷமாகத்தான் பாட்டுக் கேட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அந்த மூச்சு இன்றுவரை கேட்டதில்லை.

அவருடைய காது கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டுரியான் துங்கால் பக்கத்தில் அக்கா பிறந்த ரப்பர்த் தோட்டம். தோட்டம் கைமாறி, ஜனங்கள் தாமான் தாமானாகப் போய்விட்டாலும் ஆடித் திருவிழாவுக்குக் காடி எடுத்துக்கொண்டு எல்லாரும் வந்து சேர்ந்துவிடுவார்கள். ஒரு வருஷம் என்னையும் கூட்டிப்போனார். பூசை முடிந்து கோயில் தலைவர் மைக்கைப் பிடித்தார். மைக்செட்காரன் எக்கோவை ஏற்றி வைத்திருந்தான். “அன்பார்ந்த... ந்த... ந்த...” என்று குரல் ரப்பர்க் காடு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. கேட்க ஏதோ பெரிய மனிதர் பெரிய விஷயம் பேசுகிற மாதிரியே இருந்தது. யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை, யாருக்கும் அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

அக்காவுக்குத் தாங்கவில்லை. எழுந்துபோய் மைக்செட்காரனைத் தள்ளி உட்காரவைத்து, ஒரு பொத்தானைத் திருகினார். எக்கோ நின்றது. அந்தக் கோயிலின் வரலாற்றிலேயே முதல்முறையாகத் தலைவர் பேசுவது எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது. அதுதான் பிரச்சினையாகிவிட்டது. அவர் தன் மச்சானுக்கு நன்றி சொன்னார். மச்சானுடைய தம்பிக்கு நன்றி சொன்னார். பந்தல் போட இடம்கொடுத்த வானத்துக்கு நன்றி சொன்னார். மறுபடியும் மச்சானுக்கு வந்தார். கூட்டம் முழித்துக்கொண்டு கேட்டது. பின்வரிசையிலிருந்து யாரோ, “யப்பா, அந்த எக்கோவப் போட்டு விடுங்கப்பா!” என்று கத்தினார்கள்.

தலைவர் அக்காவோடு அதற்குப் பிறகு பேசியதில்லை. “பேசுனா மட்டும்? மூக்கடைச்ச குரலு” என்றார் அக்கா.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் இதே கதை. ஒருநாள் நானும் அக்காவும் காடியில் போகும்போது மாப்பிள்ளை எனக்குப் போன் பண்ணினார். நான் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். பேசி முடித்ததும் அக்கா, “இந்தப் பையன் வேணாம்” என்றார்.

“ஏன் அக்கா? என்ன தப்பாப் பேசிட்டாரு?”

“பேசுனது சரிதான். மூக்குல பேசறான். கொறட்ட விடுவான் பாரு.”

இதற்காக யாராவது கல்யாணத்தை நிறுத்துவார்களா? நான் கட்டிக்கொண்டேன். நல்ல மனிதர். கல்யாணமான வாரமே நான் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டேன். விடுப்பு முடிந்து வேலைக்குப் போன அன்று அக்கா என் கண்ணைப் பார்த்தார். ‘நான் சொன்னேன்ல’ என்றுகூடக் கேட்கவில்லை. மேல்சட்டைப் பையிலிருந்து காதடைப்பான் ஜோடி ஒன்றை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

காதடைப்பான் என்றால் தொழிற்சாலையில் எங்களுக்குக் கொடுக்கிற மஞ்சள் நிறப் பஞ்சுத் துண்டு. உருட்டிக் காதுக்குள் வைத்தால் ஊதிக்கொண்டு அடைத்துக்கொள்ளும். அச்சடிக்கிற இயந்திரங்கள் தகட்டை அடிக்கிற அடி நெஞ்சு வரைக்கும் வரும் என்பதால் அது இல்லாமல் லைனுக்குள் போகக்கூடாது. இதில் அக்கா போலீஸ்காரி மாதிரி. புதிதாக வந்த பெண்களின் தலைத்துணிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். வைக்காதவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

தனக்கு மட்டும் வலது பக்கம் வைத்துக்கொள்வார். இடது பக்கத்து அடைப்பான் சட்டைப் பையில் இருக்கும்.

“மெஷின் பேசறத ஒரு காதாவது கேக்கணும்ல?” என்பார். ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் போய் நின்று, தலையைச் சாய்த்து, இடது காதை அதற்குக் கொடுப்பார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைக்கிற மாதிரி இருக்கும். “இது இன்னிக்கி நிக்கும்” என்று தீர்ப்புச் சொல்வார். பாதி நேரம் நிற்கும். மீதி நேரம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், டெக்னீஷியன் பயந்துபோய்ச் சும்மாவாவது கழற்றி மாட்டுவான். தான் சொன்னதால்தான் அவன் சரிசெய்தான், அதனால்தான் அது நிற்கவில்லை என்று அதையும் அக்கா தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார். பல வருஷம் இப்படி.

அப்புறம்தான் அவருடைய சொந்தப் பிளேயர் செத்தது. கொன்றது அவர் கணவர்.

அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். காலையும் மத்தியானமும் அறுபது பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டில் வாயே திறக்கமாட்டார். வீட்டில் துணி துவைப்பது அவர் வேலை. ஒருநாள் அக்காவின் வேலைச் சட்டையோடு சேர்த்து அதன் பையில் இருந்த பிளேயரையும் துவைத்து, அலசி, காயப்போட்டுவிட்டார். அன்றைக்கு அக்கா போட்ட சத்தம் இரண்டு வரிசை தள்ளி இருந்த எங்கள் வீட்டில் கேட்டது. அண்ணன் பதில் சொன்ன மாதிரி எதுவும் கேட்கவில்லை.

அக்கா டவுனுக்குப் போய் எல்லாச் சோதனையும் செய்து புதிதாக ஒன்று வாங்கினார். அடுத்த வாரமே திருப்பிக் கொண்டுபோனார்.

“இடது பக்கம் கோளாறு. பாட்டு ஒரு பக்கமா சாஞ்சி கெடக்குது.”

சின்னத் தவுக்கே மாற்றிக் கொடுத்தான். அதுவும் இடது பக்கம் கோளாறு. வேறு கம்பெனிச் சரக்காகக் கொடுத்தான். அதுவும். “பேக்டரியில ஒருத்தனும் ஒழுங்கா வேலை செய்யறது இல்ல” என்று உலகத்திலுள்ள தொழிலாளர்களையெல்லாம் காடியில் வைத்துத் திட்டிக்கொண்டே வந்தார். அந்தத் தடவை நானும் கடைக்குள் போயிருந்தேன்.

சின்னத் தவுக்கே அந்தப் பிளேயரைத் தன் காதில் வைத்துக் கேட்டான். இரண்டு பக்கமும் கேட்டான்.

“ஆண்டி, ஒண்ணு செய்ங்க. இடது குமிழ வலது காதுல வைங்க. வலத இடதுல.”

“ஏன்?”

“சும்மா லா. வச்சிப் பாருங்க.”

அக்கா மாற்றி வைத்தார். பாட்டு ஓடியது. கழற்றினார். பழையபடி வைத்தார். மறுபடி மாற்றினார். எப்போதும் வருகிற முகச்சுளிப்பு வரவில்லை, முகமே ஒன்றும் காட்டாமல் இருந்தது. இவ்வளவு நாள் செத்துக்கிடந்த இடது குமிழ் வலது காதில் நன்றாகப் பாடியிருக்க வேண்டும். நன்றாகப் பாடிய வலது குமிழ் இடது காதுக்குப் போனதும் செத்திருக்க வேண்டும். சின்னத் தவுக்கே என்னைப் பார்த்தான். நான் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருந்த பேட்டரிகளைப் பார்த்தேன்.

அக்கா வயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். “இந்தக் கடையில எல்லாமே கோளாறு” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். பிளேயரைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

காடியில் ஏறிக் கதவைச் சாத்தினார். வழக்கமாக என் எஞ்சின் சத்தத்தைப் பற்றியாவது ஏதாவது சொல்வார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நான் ஓட்டுவேன், அவர் என் இடப்பக்கம் உட்காருவார். அவருடைய வலது காதோடுதான் இத்தனை வருஷம் பேசியிருக்கிறேன். அடுத்த காதை நான் சந்தித்ததே இல்லை.

அதற்குப் பிறகு பல மாதம் அக்கா அதை ஒத்துக்கொள்ளவில்லை. உலகம்தான் தரம் கெட்டுவிட்டது. மேனேஜர் முணுமுணுக்கிறார். இந்தக் காலத்துப் பெண்களுக்கு வாய் திறந்து பேசத் தெரியவில்லை. டெலிபோன் கம்பெனி மோசம். நடக்கும்போது யாருக்கும் இடப்பக்கமாகவே நடந்தார். கேன்டீனில் இடப்பக்கம் சுவர் இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கே யாராவது ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் எழுப்பிவிட்டார்.

ஒருநாள் மத்தியானம், சாமான்கள் அடுக்கி வைத்திருக்கிற இடத்தின் வழியாக, வலது காதில் வழக்கம்போல அடைப்பானோடு, அவர் வந்துகொண்டிருந்தார். இடப்பக்கத்திலிருந்து நேப்பாளிப் பையன் ஃபோர்க்லிஃப்டைப் பின்னால் எடுத்துக்கொண்டு வந்தான். ஹோன் அடித்துக்கொண்டேதான் வந்தான். நான் எதிர்ப்பக்கத்தில் மேசையருகில் இருந்தேன். அக்கா நின்று வழிவிடுவார் என்று நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான். அக்கா நேராக அதன் பின்னால் போனார். நான் கத்தியதை அவன் கேட்டு பிரேக்கை அழுத்தினான். வண்டி குலுங்கி நின்றது. மேலே அடுக்கியிருந்த பெட்டி சரிந்து, அன்று காலையிலிருந்து அச்சடித்த துண்டுகள் அவ்வளவும் தரையில் கொட்டின. வண்டியின் பின்பக்கத்துக்கும் அக்காவின் இடுப்புக்கும் நடுவில் ஒரு கை வைக்கத்தான் இடம் இருந்தது.

“ஹோன் அடிக்க மாட்டியாடா?” என்றார் அக்கா. குரல் வழக்கம்போல இல்லை.

அவன் இறங்கி ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. “அடிச்சேன் அக்கா. அடிச்சிக்கிட்டேதான் அக்கா வந்தேன்” என்று அரைகுறைத் தமிழில் சொன்னான்.

அக்கா சுற்றி நின்ற பெண்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு குனிந்து உட்கார்ந்து சிதறிய துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நீ கேட்டியா?”

“கேட்டேன் அக்கா.”

“சத்தமாவா?”

“சத்தமாத்தான் அக்கா.”

“ம்.” இன்னும் நாலு துண்டுகளைப் பொறுக்கினார். “அந்த ஹோன் நல்லால்ல. மாத்தச் சொல்லணும்.”

ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில், “ஆஸ்பத்திரிக்கு எப்ப லீவு போடுவ?” என்று கேட்டார். எனக்கு ஏதோ உடம்பு சரியில்லாத மாதிரி.

காதைச் சோதிக்கிற பெண் மலாய்க்காரச் சின்னப் பெண். மென்மையாகப் பேசினாள். அக்காவைக் கண்ணாடிச் சன்னல் வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். நான் வெளியே அவளுக்குப் பின்னால் இருந்தேன். வலது காது முடிந்தது. இடது காதுக்கும் அக்கா டக் டக்கென்று அழுத்தினார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒன்றுமில்லை போலிருக்கிறதே! அந்தப் பெண் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனாள். அக்கா விடாமல் அழுத்தினார். கடைசியில் அவள் சத்தமே அனுப்பாமல் விரலை மட்டும் அசைத்தாள். அக்கா அதற்கும் அழுத்தினார்.

கண்ணாடி வழியாக அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அவள் சிரிக்காமல் எழுந்துபோய், அக்காவின் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டு வந்தாள். அப்புறம் பொத்தான் வெகுநேரம் சும்மா இருந்தது. எனக்கு அக்காவின் பின்கழுத்து மட்டும் தெரிந்தது. இறுக்கி முடிந்த கொண்டை, இரண்டு பக்கமும் காது.

டாக்டர் சோதனையில் வந்த கோட்டுப் படத்தைக் காட்டினார். வலது காது வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது. இடது காதில் மேல்சத்தங்கள் போய்விட்டன, திரும்பி வராது. “ஏன் ஒரு காது மட்டும்?” என்று அக்கா சண்டைக்குப் போனார். இரண்டும் ஒரே தலையில்தானே இருக்கின்றன? டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். அக்கா தன் வேலையைப் பற்றி எப்போதும் பெருமையாகச் சொல்வார். அப்போதும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

“எல்லாரும் ரெண்டு பக்கமும் அடச்சிக்குவாங்க டாக்டர். நான் மட்டும் வலது பக்கந்தான் வைப்பேன். இடது பக்கத்த மெஷினு கிட்ட கொண்டுபோயி...”

பாதியில் நிறுத்திவிட்டார். கை அவரை அறியாமல் சட்டைப் பைக்குப் போனது. எழுதிக்கொண்டிருந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, காதுக்கருவி பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

“நான் என்ன கெழவியா?” என்று அக்கா ஒருவாரம் குதித்தார். மேனேஜர் அவரை லைனிலிருந்து எடுத்து ஸ்டோரில் போடப்போவதாகப் பேச்சு வந்ததும் கருவி வாங்கப் போய்விட்டார். லைனில்லாமல் அக்கா யாரைத் திட்டுவார்?

கருவி தேர்ந்தெடுத்த கதையைக் காதைச் சோதித்த அந்தப் பெண் வாழ்நாளில் மறந்திருக்கமாட்டாள். “பேசாத. சும்மா இருக்கறப்ப இரையுதா பாக்கணும்” என்று அவளையே அதட்டினார். ஒன்றில் தன் குரலே டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது. இன்னொன்றில் காகிதம் கசக்கினால் கண்ணாடி உடைகிற மாதிரி இருக்கிறது. அவள் கணினியில் கூட்டுவாள், குறைப்பாள். அக்கா வேலைக்குப் போட்டுக்கொண்டு போவார், அடுத்த வாரம் திருப்பிக் கொண்டுவருவார். நான்தான் ஓட்டிக்கொண்டுபோவேன். ஒருமுறை எங்களைத் தூரத்தில் பார்த்ததும் அந்தப் பெண் கையிலிருந்த சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வேறு கதவு வழியாகப் போனதை நான் பார்த்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

கடைசித் தடவை அவள் ஏதோ திருகிவிட்டு, “இப்ப எப்படி ஆண்டி?” என்றாள்.

அக்கா தலையைச் சாய்த்து இடது காதை அவளுக்குக் கொடுத்தார். “இன்னொரு வாட்டி பேசு.”

“இப்ப எப்படி ஆண்டி?”

“ஒன் கொரலு நல்லாருக்கு” என்றார் அக்கா. “இத்தன நாளா யாரும் சொல்லலையா?”

அந்தப் பெண் அழுதுவிட்டாள். நிம்மதியில் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தச் சமயத்தில் ஒருநாள் காலை அக்காவை ஏற்றிக்கொள்ளப் போனேன். அவர் உள்ளே கிளம்பிக்கொண்டிருந்தார். அண்ணன் வாசலில் பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தானாகவே பேச வந்தார். அதுவே எனக்குப் புதிது.

“எனக்கு அது ரொம்ப நாளாத் தெரியும்மா. அந்தக் காது.”

“தெரியுமா? ஏன் அண்ணே சொல்லல?”

“சொன்னேனே. ‘ஒன் கொரலுதான் சரியில்ல’ன்னுட்டா.” துணியைப் பிழிந்தார். வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அப்புறம் பாத்தேன். அந்தப் பக்கமா நின்னா நாம என்ன வேணாலும் பேசலாம் போலருக்கே.”

“என்ன பேசுவீங்க?”

“திட்டுவேன்.” சிரித்தார். அவருக்கு முன்பல் ஒன்று இல்லை என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. “அந்தப் பிளேயரத் தொவச்சதுக்குக் கத்துனாளே, ஞாபகம் இருக்கா? சோறு போட வர்றப்ப, டிவி பாக்கறப்ப, அந்தப் பக்கமா உக்காந்து திரும்பத் திட்டுனேன் பாரு. மெதுவா. ஒரு வாரம்.”

“வெறும் திட்டு மட்டுந்தானா அண்ணே?”

அவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். சுத்தமாக இருந்த இடத்தையே துடைத்தார். “மத்ததும்தான். மொகத்தப் பாத்து வராது நமக்கு.” கொஞ்சம் கழித்து, “இப்ப அந்தக் காது மெஷினு வாங்கிட்டா. இனிமே வாய மூடிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்” என்றார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார்.

அந்த வருஷத் தீபாவளிதான் நான் அந்த வீட்டுக்குக் கடைசியாகப் போனது. அடுத்த மாதம் என் கணவருக்கு ஜொகூரில் வேலை கிடைத்து நாங்கள் அங்கே போய்விட்டோம். அன்றைக்கு மத்தியானம் வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு நானும் அக்காவும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். அக்கா பச்சைப் பட்டு கட்டியிருந்தார். கொண்டை போடாமல் முடியைத் தளர விட்டிருந்தார். நான் அப்படிப் பார்த்ததே இல்லை. மூன்றாவது வீட்டில் புதிதாக வாங்கிய ஸ்பீக்கரைப் பற்றி அவர் நெடுநேரமாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணன் முறுக்குத் தட்டோடு வந்தார். சுற்றிக்கொண்டுபோய் அக்காவுக்கு இடப்பக்கமாக நின்றார். தட்டைப் பார்த்தபடியே, உதடு அசையாமல் சொன்னார்:

“பேசிப் பேசியே கொல்லு. வந்த புள்ள ஒரு முறுக்கு திங்க முடியல.” தட்டை மேசையில் வைத்தார். இன்னும் மெதுவாக, “ஆனா பச்சையில நல்லாத்தான் இருக்கா, கெழவி.”

எனக்கே கேட்டது.

“என்ன?” என்று அக்கா சத்தமாகக் கேட்டார்.

“ஒண்ணுமில்ல. டீ வேணுமான்னு கேட்டேன்.”

“கொண்டாங்க.”

அவர் திருப்தியாக அடுப்படிக்குப் போனார். அக்கா முறுக்கு எடுக்கக் குனிந்தபோது முடி விலகியது. இடது காதுக்குப் பின்னால் கருவி இருந்தது. அதிலிருந்து கண்ணாடி மாதிரி மெல்லிய குழாய் ஒன்று காதுக்குள் போனது. நான் பார்த்துவிட்டதை அவர் பார்த்துவிட்டார்.

“அக்கா, அது...”

“ஷ்!” முடியை இழுத்து மூடினார். “வேலைக்கி மட்டுந்தான் போடறேன்னு சொல்லி வச்சிருக்கேன். வீட்டுல போட்டா சரியாக் கேக்கலன்னு.”

மட்டமான பொருளை ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொல்லாதவர். நன்றாக இருக்கிற ஒன்றை நன்றாக இல்லை என்று சொன்னதும் இதுதான் முதல்தடவையாக இருக்க வேண்டும்.

“ஏன் அக்கா?”

அடுப்படியில் டம்ளர் சத்தம் கேட்டது. அக்கா அடுப்படி வாசல் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே சொன்னார்.

“கேக்குதுன்னு தெரிஞ்சா நிறுத்திருவாரு லா.”

அண்ணன் டீயோடு வந்தார். அக்கா சட்டென்று முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு, இடது காது அவருக்கு வாகாக இருக்கும்படி நகர்ந்து உட்கார்ந்தார்.